நெஞ்சு கனத்தால் வாயுவா, இதயமா: வீட்டுச் சோதனைகள் போதுமா?

மார்ச் 2, காலை 9.40 (கேள்வி)

எனக்கு வயது 48. நெஞ்சில் என்ன செய்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு என்பது என் கருத்து. வீட்டிலேயே செய்து பார்க்க மூன்று சோதனைகள் போதும். விரலால் அழுத்தினால் வலி கூடுகிறதா, அப்படியானால் அது தசை. ஏப்பம் விட்டதும் குறைகிறதா, அப்படியானால் வாயு. மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்துகிறதா, அப்படியானால் சளி. மூன்றும் இல்லையென்றால் மட்டுமே இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். எனக்கே இரண்டு வாரமாக வேகமாக நடந்தால் நெஞ்சு கனக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது, ஏப்பமும் வருகிறது. ஆகவே வாயு என்று விட்டுவிட்டேன். முதுகுவலிக்கு வேறு ஒரு மாதமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்கூட வயிறு கெட்டிருக்கலாம். இந்தக் கணக்கில் பிழை உண்டா?

மார்ச் 2, முற்பகல் 11.15

பிழை உண்டு, அதுவும் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இடத்தில் இருக்கிறது. நடந்தால் வருவதும் நின்றால் போவதும் வாயுவின் குணம் அல்ல. இதயத் தசைக்குக் கூடுதல் இரத்தம் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காமல் போனால் அப்படித்தான் செய்யும். மேலும், இரண்டு வாரத்துக்கு முன்பு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரே அளவில் வந்துபோகும் நெஞ்சுவலியைவிடப் புதிதாகத் தொடங்கியதற்கு மருத்துவர்கள் அதிக அவசரம் கொடுப்பார்கள். இன்றே போய்க் காட்டுங்கள். அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டால், அல்லது நின்ற பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நீடித்தால், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். சோதனைகளைப் பற்றி இரவில் எழுதுகிறேன்.

மார்ச் 2, இரவு 10.05

நான் மருத்துவன் அல்லன். உங்கள் கணக்கையே போட்டு, உங்களைப் போலவே ஏப்பத்தை நம்பி, கடைசியில் இதயத் தமனியின் அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்டவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, என் 52ஆவது வயதில் நடந்தது.

என் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒரு நாள் கடைசிப் படிகளில் ஏறும்போது நெஞ்சின் நடுவே யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. திருப்பத்தில் நின்றேன். பின்னால் வருகிறவர்கள் ஏதும் நினைத்துவிடக் கூடாதே என்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. இருக்கைக்கு வந்து அமிலமுறி மருந்தை இரண்டு மூடி குடித்தேன், ஏப்பம் வந்தது, வாயுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மருந்தைக் குடிப்பதற்கு முன்பே அந்தப் பாரம் போய்விட்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

அடுத்து வந்த நாள்களில் நான் நிற்க வேண்டிய இடம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றவன் இரண்டாவது மாடியில் நின்றேன், பிறகு முதல் மாடியில் நின்றேன். ஒன்பதாம் நாள் ஒரு சிறிய மருத்துவமனையில் காட்டினேன். ‘வலி இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றேன், அது பொய்யும் அல்ல. படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். அது சரியாக இருந்ததால் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படி ஏறினால் வருகிறது, ஏறும் படிகள் நாளுக்கு நாள் குறைகின்றன என்ற ஒரே முக்கியமான செய்தியை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் பனியனின் கழுத்துப் பகுதி பிழியும்படி நனைந்திருந்தது. கீழ்த்தாடையின் இடப்பக்கம் சொத்தைப் பல் வலிப்பதுபோல் விண்ணென்றது. வயிற்றைப் புரட்டியது. மனைவி அவசர ஊர்தியை அழைத்துக்கொண்டிருந்தபோது, நான் ‘குளித்துவிட்டுக் கிளம்பலாம்’ என்று வாதாடிக்கொண்டிருந்தேன். குளிக்காமல் போனதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 3, காலை 7.30

ஒரு திருத்தம். பதினோரு நாள் என்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி அது பதினாறு நாள் என்கிறார். அமிலமுறிப் புட்டிகள் எத்தனை காலியாயின என்று எண்ணியவர் அவர், ஆகவே அவர் கணக்கே சரியாக இருக்கும். நான் எண்ணியது என் தொந்தரவை முதன்முதலாக வெளியே சொன்ன நாளிலிருந்து போலிருக்கிறது.

மார்ச் 4, இரவு 9.20

‘வலியே இல்லாமல் மாரடைப்பா?’ என்று ஒருவர் வியந்திருந்தார். இதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டென் 1768இல் இந்த நோயைப் பற்றி உரையாற்றியபோதே, நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட பிறகும் வருகிறது, நின்றவுடன் மறைகிறது என்று சொல்லிவிட்டார். அதற்கு அவர் வைத்த ‘ஏஞ்சைனா’ என்ற பெயருக்குக் கழுத்தை நெரிப்பது போன்ற உணர்வு என்பதே பொருள், குத்தல் வலி அன்று.

நம் மொழியில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. நெஞ்சு கனக்கிறது, இறுக்குகிறது, அடைக்கிறது, பிசைகிறது, கரிக்கிறது, எரிகிறது, சுருக்கென்கிறது, குத்துகிறது, படபடக்கிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்ல முடிகிறவர்கள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம், அல்லது ‘வலி இல்லை’ என்று சொல்லி எழுந்து வந்துவிடுகிறோம். ‘என்ன செய்கிறது?’ என்று வீட்டில் கேட்கிறோமே, அதுதான் சரியான கேள்வி. கனம், இறுக்கம், அழுத்தம், பிசைதல் ஆகியவை இதயத்தின் பக்கம் சாய்பவை. ஓரிரு நொடி மட்டும் ஊசியால் குத்தியதுபோல் சுருக்கென்று வந்து மறைவது பெரும்பாலும் இதயம் அன்று. இளம் வயதினருக்கு மூச்சை இழுக்கும்போது இடப்பக்கத்தில் ‘நறுக்’கென்று பிடித்துச் சில நிமிடங்களில் தானாகவே விட்டுவிடும் ஒன்று உண்டு, அது தீங்கற்றது.

இரண்டாவது மருத்துவமனையில் பணியில் இருந்தவர் நான் சொன்னதைக் கேட்டதைவிட என் கையைத்தான் அதிகமாகப் பார்த்தார். பேசும்போது என்னை அறியாமல் வலக்கையை முட்டியாக மடக்கி நெஞ்செலும்பின் மேல் வைத்திருந்தேனாம். சாமுவேல் லெவைன் என்ற இதய மருத்துவரின் பெயரால் அந்தச் சைகை அறியப்படுகிறது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அது இருந்தால் மாரடைப்பு, இல்லாவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் என் வாய் சொல்லாததை என் கை சொல்லியிருக்கிறது.

மார்ச் 5, காலை 8.00

கேள்வி கேட்டவரே, போனீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

மார்ச் 6, இரவு 11.10

ஏப்பச் சோதனைக்கு வருகிறேன். இதயத்திலிருந்து கிளம்பும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழைகிற மேல்மார்புப் பகுதியில்தான் கையின் உட்புறத்திலிருந்தும் மார்புத் தோலிலிருந்தும் வரும் நரம்புகளும் நுழைகின்றன. உணவுக்குழாயின் செய்தியும் ஏறக்குறைய அதே வழியில் வருகிறது. மூளைக்குக் கிடைப்பது ‘அந்தப் பக்கத்தில் ஏதோ சரியில்லை’ என்ற தகவல் மட்டுமே. அதனால்தான் இதயத்தின் துன்பம் இடக்கையிலும் தாடையிலும் முதுகிலும் மேல்வயிற்றிலும் தெரிகிறது, உணவுக்குழாயின் துன்பம் இதயத்தின் இடத்தில் தெரிகிறது. மாரடைப்பின்போது குமட்டலும் ஏப்பமும் வருவது அரிதே அல்ல. ஏப்பம் விட்டதும் சிறிது சுகமாக இருப்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது.

அமிலமுறிக்குக் கேட்டால் வயிறு என்பதும் அப்படித்தான். தானாகவே குறையும் வலிக்கு நடுவில் எதைக் குடித்தாலும் குடித்ததற்குத்தான் பெயர் கிடைக்கும். மறுபக்கமும் உண்டு. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரைக்குக் கேட்டால் இதயம் என்பார்கள், ஆனால் உணவுக்குழாய் இறுகிப் பிடித்துக்கொள்வதையும் அதே மாத்திரை தளர்த்திவிடும். மருந்துக்குக் கேட்கிறது என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது இரு பக்கமும் சறுக்குகிற வழி.

நைட்ரோகிளிசரினைச் சொன்னதும் ஆல்ஃபிரட் நோபெல் நினைவுக்கு வருகிறார். அதே பொருளை வெடிமருந்தாக்கிச் செல்வம் சேர்த்தவருக்கு, கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு மருந்தாக அதையே மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மக்கள் பயந்துவிடாமல் இருக்க அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதினார். 1896இல் அவர் இறந்தார். அந்த மருந்து இரத்தக் குழாய்களை எப்படி விரிக்கிறது என்பதை விளக்கிய ஆய்வுக்கு 1998இல் அவர் பெயரிலான பரிசே கிடைத்தது. இந்த மாத்திரையைப் பையில் வைத்திருப்பவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள். உட்கார்ந்துகொண்டு போடுங்கள், ஏனெனில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தால் இதைத் தொடாதீர்கள், மருத்துவரிடம் கூச்சப்படாமல் அதைச் சொல்லுங்கள்.

உண்மையான நெஞ்செரிச்சல் இல்லையா என்றால், ஏராளமாக உண்டு. சாப்பிட்ட பிறகு வரும். குனிந்தாலோ படுத்தாலோ கூடும். புளித்த நீர் தொண்டை வரை எதுக்களிக்கும். படி ஏறினால் வந்து நின்றால் போகாது. இந்தக் கடைசிக் குணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மார்ச் 8, மாலை 6.45

அழுத்திப் பார்க்கும் சோதனை. இதில் நான் எதிர்ப்பக்கம் விழுந்த கதையும் உண்டு.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் கழித்து ஒரு மாலையில் நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் குத்தல் தொடங்கியது. இருமினால் கூடியது, கையைத் தூக்கினால் கூடியது. முந்தைய அனுபவத்தால் சூடுபட்ட பூனையாக உடனே அவசரப் பிரிவில் போய் நின்றேன். இ.சி.ஜி. எடுத்து, இரத்தமும் எடுத்து, மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மருத்துவர் ஒரே விரலால் விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தைத் தொட்டார், நான் துள்ளிவிட்டேன். விலாக் குருத்தெலும்பில் அழற்சி என்றார். முந்தைய நாள் அலமாரியை நகர்த்தியதைப் பற்றி அவர் கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. ‘வீணாகத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்’ என்றேன். ‘உங்கள் வரலாற்றை வைத்துக்கொண்டு நீங்கள் வராமல் இருந்திருந்தால்தான் எனக்குத் தொந்தரவு’ என்றார்.

விரலை வைப்பதற்கு முன்பு அவர்கள் இரண்டு முறை இரத்தம் பார்த்தார்கள் என்பதை நான் கவனித்தேன். உங்கள் சோதனை தலைகீழாக நிற்கிறது. அவர் இதயம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு அழுத்தினார், நீங்கள் அழுத்தியதை வைத்து இதயம் இல்லை என்கிறீர்கள். உண்மையிலேயே மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு அழுத்தினால் வலிக்கிறது. நெஞ்சில் நன்றாக அழுத்தினால் சும்மா இருக்கிறவனுக்கும் வலிக்கத்தான் செய்யும்.

மார்ச் 9, இரவு 10.30

மூச்சை இழுத்தால் குத்துவது சளி என்ற மூன்றாவது சோதனைதான் எனக்கு மற்ற இரண்டையும்விட அச்சம் தருகிறது. இது இதயத் தமனி அடைப்பு இல்லை என்ற அளவில் பெரும்பாலும் சரியாக இருக்கலாம். அதற்காக அது சளியாகிவிடாது.

நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வந்தாலும், நிமோனியா வந்தாலும் மூச்சை இழுக்கும்போது குத்தும். இவற்றோடு பெரும்பாலும் காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருக்கும். ஆனால் காலின் ஆழ்சிரையில் உறைந்த இரத்தக் கட்டி நழுவிப்போய் நுரையீரல் தமனியில் சிக்கிக்கொண்டாலும் அதே குத்தல்தான் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலிக்கிறது, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்தது, பல மணி நேரம் அசையாமல் பயணம் செய்தது, கருத்தடை மாத்திரை சாப்பிடுவது, மகப்பேறு முடிந்து சில வாரங்களே ஆகியிருப்பது, இவற்றில் ஏதாவது ஒன்றோடு திடீர் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே போக வேண்டும். இருமலில் இரத்தம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு, நுரையீரலில் சிறு பொத்தல் விழுந்து காற்று வெளியே கசிந்து நுரையீரல் சுருங்கிவிடுவதும் உண்டு. ஒரே பக்கத்தில் திடீரென்று குத்தி மூச்சு வாங்கும்.

இதயத்தின் உறையில் அழற்சி என்று இன்னொன்று. மல்லாந்து படுத்தால் கூடும், உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் குறையும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயான மகாதமனியின் சுவர் உட்பக்கமாகக் கிழிவது. மெதுவாகத் தொடங்காது. ஒரே நொடியில் உச்சத்துக்குப் போய், துணியைக் கிழிப்பதுபோல் முதுகுப் பக்கம் இறங்கும் என்று விவரிக்கிறார்கள். இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் வெவ்வேறாக இருக்கலாம். இதற்கு வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

மார்ச் 10, காலை 6.50

அக்கியை விட்டுவிட்டேன். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரியும், நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளம் கண்ணில் பட்டதும் காட்டிவிடுங்கள், வைரஸ் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் நன்றாக இருக்கும். பித்தப்பைக் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றின் வலப்பக்கத்தில் பிடித்து வலத் தோள்பட்டை எலும்பு வரை போகும்.

மார்ச் 11, இரவு 9.50

மார்ச் 4ஆம் நாள் எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். கனம், இறுக்கம் என்று ஆண்களுக்கு வரும் பாடத்தையே பொதுவிதியாக எழுதியிருக்கிறேன். அக்கா படித்துவிட்டு அழைத்து, ‘எனக்கு வந்தது எதில் சேர்த்தி?’ என்று கேட்டார். அவர் நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. மூன்று நாள் காரணமில்லாத அசதி, மாடிக்குப் போனால் மூச்சு வாங்குதல், ஒரு முறை வாந்தி, இவ்வளவுதான். நெஞ்சில் எதுவுமே செய்யவில்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு மாரடைப்பு ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது என்றார்கள்.

சர்க்கரை நோய் நெடுங்காலம் இருந்தால் உள்ளுறுப்பு நரம்புகள் மரத்துப்போகும், எச்சரிக்க வேண்டிய மணி அடிக்காது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சு அழுத்தத்தோடு, சில வேளை அது இல்லாமலேயே, மூச்சுத் திணறல், அசதி, குமட்டல், முதுகுவலி, தாடைவலி என்று வருவது ஆண்களைவிட அதிகம். பெண்களுக்கும் நெஞ்சு அழுத்தமே மிகுதியாகக் காணப்படும் அறிகுறி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் மறுபக்கம் சாய்ந்தவனாவேன்.

பெரும் துக்கத்தில் இதயம் உடைந்துபோகும் என்பதுகூட முழுக் கற்பனை அன்று. தமனியில் அடைப்பு எதுவும் இல்லாமல், திடீர் அதிர்ச்சியில் இதயத்தின் இடக் கீழறை ஊதிப் பலவீனமாகும் நிலை ஒன்றை ஜப்பானிய மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அந்த வடிவம் ஆக்டோபஸ் பிடிக்கும் குடுவையைப் போல் இருந்ததால் ‘டாகோட்சுபோ’ என்று பெயரிட்டார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் தேறிவிடுகிறது. ஆனால் தொடக்கத்தில் இதையும் மாரடைப்பையும் பிரித்தறிய மருத்துவமனைதான் வேண்டும்.

மார்ச் 12, பிற்பகல் 1.15

‘எனக்கு இது பதற்றத்தால் வருவது’ என்று எழுதியவருக்கு. இருக்கலாம். பதற்றத் தாக்கு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும், மூச்சு வேகமாக ஓடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகளும் உதடும் மதமதக்கும், செத்துவிடுவோம் என்ற பயம் நெஞ்சை அடைக்கும். அது பொய்யான துன்பம் அன்று. ஆனால் அந்தப் பெயரை வைக்கும் உரிமை, முதல் முறை வரும்போது, அதிலும் 40 வயதுக்கு மேல், நமக்கு இல்லை. முதல் முறை மருத்துவர் பார்த்து வேறொன்றும் இல்லை என்று சொன்ன பிறகு, அடுத்த முறைகளுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். (அவசரப் பிரிவில் ஸ்டென்ட்டுடன் அலமாரி வலிக்காகப் படுத்திருந்த என் நாடித் துடிப்பு 130. அதில் எவ்வளவு விலா, எவ்வளவு பயம் என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.)

மார்ச் 13, இரவு 10.40

‘இ.சி.ஜி. சரியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?’ என்றொரு கேள்வி. எனக்கு எடுத்த முதல் இ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. ஐந்தோவன் என்ற நெதர்லாந்து அறிஞருக்கு 1924இல் நோபெல் பரிசு பெற்றுத் தந்த அருமையான கருவி நுட்பம் அது, குறை கருவியில் இல்லை. அது எடுக்கப்படும் சில நொடிகளின் படம் மட்டுமே. படி ஏறும்போது மட்டும் பட்டினி கிடக்கும் இதயத்தை, படுக்கவைத்துப் படம் எடுத்தால் சாப்பிட்டு முடித்த முகத்தோடு சிரிக்கும்.

ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கலக்கும் புரதம். அது அளக்கும்படி ஏறுவதற்கு நேரம் எடுக்கும், அதனால்தான் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள். என்னை மூன்று மணி நேரம் உட்காரவைத்ததற்குக் காரணம் கவனக்குறைவு என்று அன்று முணுமுணுத்தேன், தவறு என்னுடையது. இரண்டுமே சரியாக இருந்தாலும், உழைக்கும்போது வரும் நெஞ்சுவலி தீர்ந்துவிட்டதாகாது. தேவைக்கேற்ப ஓட்டப்பட்டையில் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை, எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்), சி.டி. ஆஞ்சியோ (தமனிகளின் படம்) என்று மேலே போவார்கள். அமில மாத்திரையோடு திருப்பி அனுப்பினால், ‘நடந்தால் வருகிறதே, அதற்கு என்ன பதில்?’ என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

மார்ச் 15, மாலை 5.20

அவசரத்தில் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு. தமனி முழுவதும் அடைபட்டால் இருபது முப்பது நிமிடத்திலேயே தசை இறக்கத் தொடங்குகிறது, முதல் சில மணி நேரத்தில் மிகப் பெரும் பகுதி போய்விடுகிறது. ஆகவே நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் அவசர ஊர்தியில் மின்னதிர்ச்சிக் கருவி இருக்கும், உங்கள் வண்டியில் இருக்காது. வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்குங்கள். 1988இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஆஸ்பிரின் மட்டுமே மாரடைப்பு இறப்பை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது.

தனியாக இருக்கும்போது விடாமல் இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். இருமுகிற நேரத்தில் அவசர எண்ணை அழைத்துவிடலாம். மாரடைப்பில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அது நின்றே போய் ஒருவர் சுயநினைவிழந்து மூச்சின்றிக் கிடந்தால், பக்கத்தில் இருப்பவர் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும்.

மார்ச் 16, காலை 7.05

ஆஸ்பிரின் வரியை ஒரு செவிலியர் பிடித்துக்கொண்டார், அவர் சொல்வது சரி. நான் கண்ணை மூடிக்கொண்டு ‘விழுங்குங்கள்’ என்று எழுதியிருக்கக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், வயிற்றுப்புண்ணோ இரத்தக் கசிவோ உள்ளவர்கள், மகாதமனி கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது தீங்காக முடியும். முதலில் அவசர எண்ணை அழைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவர்கள் சொன்னால் மட்டும் மெல்லுங்கள்.

மார்ச் 19, இரவு 8.30

கேள்வி கேட்டவர் எழுதிவிட்டார். பதினேழு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் இப்போதுதான் விட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன், ஏனெனில் என் கணிப்பு தவறியது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

அவர் மார்ச் 3ஆம் நாளே போயிருக்கிறார். இ.சி.ஜி. சரியாக இருந்தது, ட்ரோபோனின் இரண்டு முறையும் சரியாக இருந்தது. பிறகு மருத்துவர் அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. ‘மலம் என்ன நிறத்தில் போகிறது?’ என்று கேட்டார். மூன்று வாரமாகத் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போவதை இவர் கவனித்திருந்தும் யாரிடமும் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 7.2 இருந்தது. முதுகுவலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, அது கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பாதியாகக் குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு நடந்தால் இதயத் தசை பட்டினி கிடக்காமல் என்ன செய்யும்? தமனியில் பெரிய அடைப்பு இல்லாதவருக்கும் இரத்தம் மிகவும் குறைந்தால் நடக்கும்போது நெஞ்சு கனக்கலாம். இரத்தம் ஏற்றி, வாய் வழியாக விடும் உள்நோக்கிக் குழாயால் கசிவை அடைத்து, வலி மாத்திரையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரத்தம் தேறிய பிறகு தமனிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஏனெனில் மறைந்திருக்கும் அடைப்பை இரத்தசோகை வெளியே கொண்டுவந்திருக்கவும் கூடும்.

ஆக, வயிறு என்று அவர் சொன்னது ஒரு வகையில் சரி, உடனே போங்கள் என்று நான் சொன்னதும் சரி. அடைப்பு என்று நான் மனத்துக்குள் எழுதிவைத்திருந்த தீர்ப்பு மட்டும் தவறு.

மார்ச் 20, காலை 6.40

இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. அவருடைய முதல் கேள்வியை மறுபடி படித்தேன். ‘முதுகுவலிக்கு வேறு ஒரு மாதமாக மாத்திரை’ என்று அவரே எழுதியிருக்கிறார். நான் அதைத் தாண்டிக்கொண்டு என் மாடிப்படிக் கதைக்குப் போய்விட்டேன். போதாக்குறைக்கு, கசியும் புண்ணோடு இருந்தவர் படித்துக்கொண்டிருந்த இடத்தில் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அவர் மருத்துவமனைக்குப் போய் வந்துவிட்டிருந்தார், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அந்தச் செவிலியருக்கு நன்றி.

மார்ச் 2ஆம் நாள் குறிப்பில் இப்போது ஒரு வரி சேர்க்க வேண்டும்: வலி மாத்திரைகளை நாள்பட எடுத்துக்கொள்பவர்கள், மலம் கறுத்துப் போகிறதா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, அதை நெஞ்சு பாரத்தோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.